செவிலியும் சிறுவனும்

"பேய்க்குக் கால் கிடையாது என்கிறாயே, அக்கா! கால் இல்லாத பேய், கொலுசை எங்கே மாட்டிக் கொள்ளும்?"

கேட்டவன் ஐந்து வயதுச் சிறுவன். கேட்கப்பட்டவள் பத்தொன்பது வயதுப் பெண். அவனைக் குளிப்பாட்டவும், சோறூட்டவும், உறங்க வைக்கவும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவள். இருவர் பேச்சையும் சாளரத்தின் வழியே கேட்டுக் கொண்டிருந்தோம் நாம். அந்த வீட்டின் பின்கட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அருகிருந்த பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்து வந்தோம்.

பட்டம் பெற்றுப் பணியேற்று ஆறு திங்களே ஆகியிருந்த நேரம். கல்லூரி மன்றத்திலே பேயைப் பழித்தும் பகுத்தறிவைப் போற்றியும் பேசிப் பரிசு வாங்கியதுண்டு. ஆயின் அந்தக் கொலுசு நம் சிந்தையில் ஒருநாளும் ஒலித்ததில்லை! ஏடு பல புரட்டியும் நமக்கு எட்டாத கேள்வி, பால்மணம் மாறாத பாலகனுக்கு எட்டியது.

அந்தப் பெண் என்ன விடை சொன்னாள்? முதலில் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சிந்தித்தாள். "எனக்குத் தெரியவில்லை, தம்பி. எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். நானும் இத்தனை நாள் கேட்காமலே இருந்துவிட்டேன்" என்றாள்.

தெரியவில்லை! எவ்வளவு எளிய சொல்! எவ்வளவு அரிய சொல்! வேதம் ஓதுவோர் வாயில் வராத சொல். வித்தகர் என்று விருது பெற்றோர் வாயிலும் எளிதில் வராத சொல். அந்த ஒரு சொல்லிலேதான் அவ்விருவர் நட்பின் வேர் இருந்தது என்பதை நாம் பின்னரே உணர்ந்தோம்.

சிறுவன் அறிவுக்கூர்மை மிக்கவன். மூன்று வயதிலே கடைப் பலகைகளைப் படித்தவன். நான்கு வயதிலே, நாட்காட்டியைப் பாராமலே, அடுத்த திங்கள் பத்தாம் நாள் என்ன கிழமை என்று சொன்னவன். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் எந்த நாட்டைக் கேட்டாலும் விரல் வைத்துக் காட்டுவான். தாயும் தந்தையும் அலுவலகம் செல்வோர். நல்லவர்கள், பிள்ளை மீது உயிரையே வைத்திருந்தவர்கள். ஆயினும் விருந்தினர் வந்துவிட்டால் வீட்டில் வினாவிடை அரங்கேறும்.

"சொல்லு கண்ணா! ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது? பதினேழை ஆறால் பெருக்கினால் எவ்வளவு?"

கான்பரா என்பான், நூற்றிரண்டு என்பான். சொன்னால் முத்தம், தடுமாறினால் முகச்சுளிப்பு. வீட்டுக்கு வந்தோர் வியப்பார்கள், பெற்றோர் பூரிப்பார்கள். பிள்ளை மட்டும் மெல்லக் கழன்று, அடுக்களைப் பக்கம் அமர்ந்திருக்கும் அவள் மடியில் போய் முகத்தைப் புதைத்துக் கொள்வான். எல்லோர் முன்னும் அவன் அறிந்தவனாக இருக்க வேண்டும். அவள் ஒருத்தி முன்தான் அறியாதவனாக இருக்கலாம். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் உரிமையை அவன் அவளிடம் மட்டுமே பெற்றிருந்தான்.

அவளுக்கோ அவனிடம் கிடைத்தது வேறொன்று. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். தந்தை மறைந்தார், தாய் களையெடுக்கச் செல்பவள், தம்பியும் தங்கையும் பள்ளியில் இருந்தனர். வீட்டில் மூத்தவள் படிப்பைவிட்டால் இளையவர் இருவர் படிக்கலாம் என்பது ஏழை வீட்டுக் கணக்கு. தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்தவளுக்கு அந்த வீட்டில் கட்டளையிடப் பலர் இருந்தனர். கருத்துக் கேட்க ஒருவரும் இல்லை. அவன் ஒருவன்தான் கேட்டான். தூக்கணாங்குருவி ஏன் நீர்மேல் தொங்கும் கிளையாகப் பார்த்துக் கூடு கட்டுகிறது? எறும்பு தன் முட்டையைத் தூக்கிக் கொண்டு மேட்டுக்கு ஏறினால் என்ன பொருள்? நாற்றை ஆழமாக நட்டால் என்ன ஆகும்? அவள் சொல்லச் சொல்ல அவன் விழிகள் விரியும். பிறகு அவன் உலகப் படத்தின் முன் அவளை நிறுத்தி நைல் ஆறு எங்கே என்று கற்பிப்பான். அவள் தவறிக் காட்டினால் பொறுமையாகத் திருத்துவான். ஆசிரியரும் மாணவரும் நாழிகைக்கு நாழிகை இடம் மாறிக் கொள்ளும் அப்படிப்பட்ட பள்ளியை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

'அக்கா' என்று அவன் அழைப்பது தாய்க்குப் பிடிக்கவில்லை. "ஆயா என்று கூப்பிட வேண்டும்" என்று திருத்தினார். அவன் விடவில்லை. "ஆயா என்றால் பாட்டி என்று இவள் ஊரில் சொல்கிறார்களாம். இவள் பாட்டி இல்லையே, அம்மா!" என்றான். தாய் வாயடைத்துப் போனார். குழந்தையைப் பேணும் பணிப்பெண்ணைக் குறிக்கும் ஆயா என்னும் சொல் போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. நமக்கென்று 'செவிலி' என்னும் செம்மொழிச் சொல் இருந்தது. சொல்லை மறந்ததோடு, அந்தச் சொல்லுக்கு நாம் தந்திருந்த மதிப்பையும் மறந்தோம். அதைப் பின்னே சொல்லுவோம்.

அந்நாளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் 'புதையல் தீவு' கதையைச் சொல்லிக் கொண்டிருந்தோம். அதை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் சிறு வயதில் எப்படி இருந்தார் என்று மாணவி ஒருத்தி கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லும் துணிவை நாமும் அப்போது கற்றிருந்தோம். நாளை சொல்கிறோம் என்று கூறி நூலகம் சென்றோம். சென்ற இடத்தில், கடல் பல கடந்த ஸ்காட்லாந்திலே, நம் வீட்டு முன்கட்டையே கண்டோம்!

ஸ்டீவன்சன் 1850-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் எடின்பரோ நகரிலே பிறந்தவர். கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர் குடும்பத்தின் ஒரே பிள்ளை. செல்வத்துக்குக் குறைவில்லை, உடல்நலத்துக்குத்தான் குறைவு. நெஞ்சு நோய் குழந்தையை வாட்டியது, தாயும் நோயாளி. 1852-இல், குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது, அலிசன் கன்னிங்காம் என்னும் பெண் செவிலியாக வந்து சேர்ந்தாள். நகருக்கு எதிர்க்கரையிலே, ஃபைஃப் பகுதியிலே உள்ள டாரிபர்ன் என்னும் சிற்றூர்க்காரி. வயது முப்பது. மணமாகாதவள், கடைசிவரை மணம் செய்து கொள்ளாதவள். குழந்தை அவளுக்கு வைத்த பெயர் 'கம்மி'. அந்தப் பெயரே வரலாற்றில் நிலைத்தது.

செல்வர் வீட்டுச் சிறுவனும் சிற்றூர்ப் பெண்ணும்! இரவெல்லாம் இருமல், இரவெல்லாம் அவள் விழித்திருப்பாள். உறக்கம் வராத சிறுவனைப் படுக்கையிலிருந்து தூக்கிச் சென்று சாளரத்தின் அருகே நிறுத்துவாள். எதிரே இருண்ட தோட்டம். அதற்கப்பால் இருக்கும் தெருவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒளி தெரியும் வீடுகள். அந்த வீடுகளிலும் நோயுற்ற சிறுவர்கள் தம் செவிலியரோடு விடியலுக்குக் காத்திருக்கக்கூடும் என்று இருவரும் பேசிக் கொள்வார்களாம். வளர்ந்து பெரியவரான பிறகும் ஸ்டீவன்சன் அதை நினைவுகூர்ந்து எழுதினார். தன் துன்பம் தனக்கு மட்டுமே உரியதன்று என்பதை ஒரு குழந்தைக்கு உணர்த்த இதைவிட நல்ல பாடம் உண்டோ?

அவள் அவனுக்கு நூல்களைப் படித்துக் காட்டினாள். உணர்ச்சி ததும்ப, நாடகம் போல, குரலை ஏற்றியும் இறக்கியும் படித்தாள். சொல்லின் சுவையை அவன் அவள் வாயிலிருந்தே பருகினான். ஆறு வயதில், தான் சொல்லத் தாய் எழுதிக் கொள்ள, மோசேயின் வரலாறு ஒன்றைப் படைத்தான். அது 1856-ஆம் ஆண்டு. எழுத்தாளன் பிறந்துவிட்டான்.

ஆனால் அவள் படித்துக் காட்டியவை யாவை? விவிலியம், மத வினாவிடை நூல், மதத்துக்காக உயிர்விட்டோர் வரலாறுகள், நரக நெருப்பின் வருணனைகள். சீட்டாட்டம் சாத்தானின் வேலை. நாடக அரங்கு பாவத்தின் வாயில் என்று நம்பிய கடுஞ்சமயப் பெண் அவள். விளைவு? மேதையான அந்தச் சிறுவன் உறங்க அஞ்சினான்! உறக்கத்தில் இறந்தால் நரகம் சேர்வோமோ என்று நடுங்கினான். நோயால் வந்த காய்ச்சலோடு அச்சத்தால் வந்த கனவுகளும் சேர்ந்து அவனை அலைக்கழித்தன.

இதைப் படித்தபோது நம் நெஞ்சு கொதித்தது. பிஞ்சு நெஞ்சில் நஞ்சு வார்த்தாளே! அன்பின் பேரால் அச்சத்தை ஊட்டினாளே! நூலை மூடிவைத்து, அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினோம். தீர்ப்பும் எழுதத் தொடங்கினோம்.

தீர்ப்பை முடிக்குமுன், பாதிக்கப்பட்டவரையே சாட்சியாக அழைப்பதுதானே முறை? அழைத்தோம். அவர் சொன்ன சாட்சியம் நம்மைத் திகைக்க வைத்தது.

1873-ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், ஸ்டீவன்சன் தம் தந்தையிடம், தமக்குக் கிறித்தவ மதக் கொள்கைகளில் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வீடு இடிந்தது போலாயிற்று. தந்தையும் தாயும் துடித்தனர். கம்மி ஊட்டிய நரக அச்சம் அவர் அறிவைக் கட்டிவைக்க முடியவில்லை. ஆனால், அந்த அச்சத்தை உதறியவர் அவளை உதறவில்லை! குழந்தைகளுக்கென்று அவர் எழுதிய கவிதைத் தொகுதி 1885-இல் வெளிவந்தது. உலகம் இன்றும் போற்றும் நூல். அதை யாருக்குக் காணிக்கையாக்கினார்? பெற்ற தாய்க்கா? பெயர் பெற்ற புலவருக்கா? பொருள் தந்த புரவலருக்கா? இல்லை. அலிசன் கன்னிங்காமுக்கு! நூல் வெளிவருவதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1883-இல், இதைக் கடிதம் மூலம் அவளுக்குத் தெரிவித்தும் விட்டார். பின்னர் அவர் பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவில் குடியேறி, 1894-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவர் மறைந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1913-இல், அவள் மறைந்தாள். 1863-இல் அக்குடும்பத்தோடு ஐரோப்பியப் பயணம் சென்றபோது அவள் எழுதிய நாட்குறிப்பு 1926-இல் நூலாக வெளிவந்தது. ஒரு வேலைக்காரியின் நாட்குறிப்பு!

அந்த நாட்குறிப்புச் செய்திதான் நம்மை நிறுத்தியது. வேலைக்காரிக்கு எழுதத் தெரிந்தது எப்படி? ஸ்காட்லாந்திலே 1696-ஆம் ஆண்டே ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு திருச்சபை வட்டத்திலும் ஒரு பள்ளி இருக்க வேண்டும், அதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்ற சட்டம். அவள் பிறந்த 1822-ஆம் ஆண்டில், சிற்றூர் ஏழைப் பெண்ணும் எழுத்தறியும் வாய்ப்பு அந்த நாட்டில் இருந்தது. ஆனால் அந்தப் பள்ளிகள் எழுத்தோடு மத வினாவிடையையும் சேர்த்தே கற்பித்தன. படிக்கக் கற்பித்த கையே பயப்படவும் கற்பித்தது.

அப்படியானால் குற்றவாளி யார்? அவள் கையில் இருந்தவை இரண்டு: எழுத்து, அச்சம். இரண்டையும் அவளுக்குக் கொடுத்தது சமுதாயம். தன்னிடம் இருந்ததைத் தன் குழந்தைக்கு, ஆம், தன் குழந்தைக்கு, வாரி வழங்கினாள். ஒளித்துவைக்கத் தெரியாத அன்பு அது. செவிலியின் மடி வெறும் மடியன்று. ஒரு சமுதாயம் தன் அறிவையும் அறியாமையையும் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் இடம். அந்த மடியில் அறிவை வைத்தால் அறிவு போகும். அச்சத்தை வைத்தால் அச்சம் போகும். ஒன்றுமே வைக்காமல், 'ஏன் குழந்தைக்குப் பேய்க்கதை சொன்னாய்?' என்று சீறுவது எந்த நியாயம்? எழுதிய தீர்ப்பைக் கிழித்துப் போட்டோம்.

ஸ்காட்லாந்திலே செவிலி குழந்தைக்கு அச்சத்தைத் தந்தாள். நம் வீட்டு முன்கட்டிலோ குழந்தை செவிலியின் அச்சத்தைப் பறித்தான்! கொலுசுக் கேள்வி கேட்கப்பட்ட சில நாட்களில் அவள் விடுமுறைக்குத் தன் ஊர் சென்றாள். திரும்பி வந்தவள் நம்மிடமும் சிறுவனிடமும் ஒருசேரச் சொன்னாள்: "பேருந்து தாமதம், சார். ஊர் எல்லைப் புளியமரத்தை இருட்டில் தனியாகத் தாண்ட வேண்டியதாயிற்று. சலங் சலங் என்று சத்தம். எப்போதும் போல் ஓடத்தான் கால் எழுந்தது. தம்பி கேட்டது நினைவுக்கு வந்தது. நின்று பார்த்தேன். மரத்தடியில் யாரோ கட்டிப் போட்டிருந்த ஆடு! கழுத்தில் மணி!"

சிறுவன் கைகொட்டிச் சிரித்தான். "ஆட்டுக்குக் கால் உண்டு" என்றான். நாம் கண்ட பகுத்தறிவு மாநாடுகளில் மிகச் சிறியது அதுதான். மிகச் சிறந்ததும் அதுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திராது.

அந்த வீட்டில் அவளுக்கெனத் தனித் தம்ளர் ஒன்று இருந்தது. புறக்கடை மாடத்தில், மற்றவற்றோடு சேராமல், கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். நாம் நாள்தோறும் பார்த்தோம். பார்த்தும் பாராதிருந்தோம். சிறுவன் பார்த்தான், பார்த்ததோடு நிற்கவில்லை. "அக்காவுக்கு மட்டும் ஏன் தனித் தம்ளர்?" என்று கேட்டான். விடை சொல்வார் இல்லை. அவன் தந்தையின் தாய் ஊரிலிருந்து வந்திருந்தார், அவர் மட்டும், "அது அப்படித்தான், அதில் நாம் குடிக்கக் கூடாது" என்றார். குடித்தால் என்ன ஆகும் என்றான். "ஆகாது" என்றார்.

ஆகாது என்றால் என்ன ஆகும்? சோதித்துப் பார்த்துவிட்டான் பையன்! ஒரு மாலை, கூடத்தில் உறவினர் கூடியிருந்த வேளை, வினாவிடை அரங்கு தொடங்குமுன், தானே எழுந்து நின்று அறிவித்தான்: "ஏழு நாளாக நான் அக்கா தம்ளரில்தான் தண்ணீர் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை!"

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத்தான் ஆயிற்று. பாட்டியின் கூச்சல் பின்கட்டு வரை கேட்டது. அவளே தூண்டிவிட்டாள் என்றார். பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்றார். குலத்தைச் சொல்லி இழித்தார். அன்றிரவே கணக்குத் தீர்க்கப்பட்டது. சிறுவன் அவள் தாவணியைப் பற்றிக் கொண்டு கதறியது நம் செவியில் விழுந்தது.

நாம் என்ன செய்தோம்? வெட்கத்தோடு எழுதுகிறோம்: ஒன்றும் செய்யவில்லை. வாடகை வீடு, புதிய வேலை, பிறர் வீட்டு விவகாரம். இப்படி மூன்று சாக்குகளை மூன்று நொடியில் கண்டுபிடித்தோம். மேடையில் முழங்கியவர் மூலையில் முடங்கினோம். ஐந்து வயதுச் சிறுவன் ஏழு நாள் செய்த புரட்சிக்கு, பட்டதாரி ஆசிரியர் ஏழு நொடி துணை நிற்கவில்லை. துணிப்பையைத் தூக்கிக் கொண்டு நம் அறையைக் கடந்து போனவள், "வருகிறேன், சார்" என்று மட்டும் சொன்னாள். ஏன் பேசவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுவாரம் விருந்தினர் வந்தனர். ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது என்றனர். "தெரியாது" என்றான் சிறுவன். பதினேழை ஆறால் பெருக்கினால்? "தெரியாது." இன்று என்ன கிழமை? "தெரியாது." அவளிடம் மட்டுமே சொல்லி வந்த அந்தச் சொல்லை இப்போது எல்லோரிடமும் சொன்னான். மருத்துவரிடம் காட்டினர்; உடலில் குறையில்லை. இருபது நாட்களுக்குப் பிறகு தாய் நம் அறை வாயிலில் வந்து நின்றார். "நீங்கள் ஆசிரியர், பிள்ளைகளை அறிந்தவர். இவனுக்கு என்ன?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

அன்றுதான் பேசினோம். காலம் கடந்து பேசினோம், ஆயினும் பேசினோம். "உங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா. அவனுக்கு இருந்த ஒரே தோழியை நாம் எல்லோருமாகச் சேர்ந்து வெளியேற்றிவிட்டோம். ஒரு தம்ளருக்காக" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "அத்தைக்கு அஞ்சினேன்" என்றார் கடைசியில். அச்சம்! ஸ்காட்லாந்துச் சிறுவனை வாட்டியதும் அதுவே. புளியமரத்தடியில் நின்றதும் அதுவே. கற்ற பெண்மணியின் கூடத்தில் குடியிருந்ததும் அதுவே. நம் அறையில் ஒளிந்திருந்ததும் அதுவே.

தாயும் மகனும் நாமுமாக அவள் ஊருக்குச் சென்றோம். சிறுவன் ஓடிப் போய் அவளைக் கட்டிக் கொண்டான். தாய் மன்னிப்புக் கேட்டு, வேலைக்குத் திரும்பி வரும்படி அழைத்தார். சம்பளம் கூட்டித் தருவதாகவும் சொன்னார். அவள் சொன்ன விடையை எழுத்து மாறாமல் இங்கே தருகிறோம்: "தம்பியைப் பார்க்க வருவேன், அம்மா. வேலைக்கு வரமாட்டேன்."

தன்மானம் என்ற சொல்லுக்கு நம் வகுப்பில் இனி வேறு விளக்கம் தேவையில்லை.

அவள் தையல் வேலைக்குப் போனாள். ஞாயிறுதோறும் வந்தாள், முன்கட்டில், கூடத்தில், நாற்காலியில் அமர்ந்தாள். தாய் தம் கையாலேயே, வீட்டார் குடிக்கும் தம்ளரில் தேநீர் தந்தார். பாட்டி அந்த வேளையில் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டார். அவர் மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். அந்த ஞாயிறுகளில் நாம் அவளுக்குப் பாடம் சொன்னோம். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதினாள். முதல் முறை கணிதத்தில் தவறினாள். அப்போது ஏழு வயதான சிறுவன், தன் ஏட்டிலிருந்து தாள் கிழித்துக் கணக்குகளை எழுதிக் கொடுத்தான். அவள் போட்டு முடித்ததும் சிவப்பு மையால் திருத்தினான். மறுமுறை தேறினாள். தெரியாது என்பதை அவன் எல்லோரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டான். தெரியாதபோது மட்டும் சொல்கிறான்.

தோழர்களே! இது நம் ஒருவர் கதையன்று. தமிழ் அகமரபைப் புரட்டிப் பாருங்கள். தலைவியை வளர்ப்பவள் செவிலி. நற்றாய்க்கு நிகராகப் பேசும் உரிமை பெற்றவள். அந்தச் செவிலியின் மகள்தான் தோழி! தலைவியின் உள்ளம் அறிந்தவள் அவள். அவளுக்காக வாதாடுபவளும் அவளே. வளர்த்தவளின் மகளை உயிர்த்தோழியாக்கி இலக்கணம் வகுத்தவர்கள் நம் முன்னோர். அந்த மரபில் வந்த நாம், வளர்க்க வந்தவளுக்குத் தம்ளரைத் தனியே கவிழ்த்து வைக்கிறோம்.

சட்டங்கள் வரவில்லையா? வந்தன. 1925-இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம் 1929-இல் செங்கற்பட்டில் மாநாடு கூடிப் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-இல், தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டுவேலைக்கு வைத்தல் 2006 முதல் தடை செய்யப்பட்டது. வீட்டுப் பணியாளருக்கென நலவாரியம் தமிழ்நாட்டில் 2007-இல் அமைந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, வீட்டுப் பணியும் மதிப்புக்குரிய தொழிலே என்று 2011-இல் உடன்படிக்கை நிறைவேற்றியது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால், 2022-இல் தொடங்கப்பட்டது. இவை எல்லாம் போராடிப் பெற்றவை, போற்றத்தக்கவை. ஆனால் சட்டம் தெருவாயில் வரை வரும். புறக்கடை மாடத்துத் தம்ளரை எடுத்து மற்றவற்றோடு வைக்க, வீட்டில் உள்ளவர் கைதான் நீள வேண்டும்.

குழந்தை பெரும் அறிவாளியாக வளர வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோரே! நூல் வாங்குங்கள், படம் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தூக்கி வளர்ப்பவள் படித்தாளா என்று ஒருமுறை கேளுங்கள். படிக்கவில்லை என்றால், படிக்க வழி செய்யுங்கள். அவள் மடியில் நீங்கள் வைப்பதுதான் உங்கள் பிள்ளை நெஞ்சுக்குப் போய்ச் சேரும்.

கூடத்தில் வினாவிடை இன்று நடப்பதில்லை. ஞாயிறு மாலைகளில் இருவர் உலகப் படத்தின் முன் நிற்கின்றனர். ஒருநாள் சிறுவன் ஸ்காட்லாந்து எங்கே என்று கேட்டான். அவள் விரல் தயங்காமல் சென்றது. அங்கே ஒரு கம்மி இருந்தாள் என்று நாம் கதையைத் தொடங்கினோம். நரகம் என்ற இடத்துக்கு வந்ததும் சிறுவன் குறுக்கிட்டான்.

"அந்தப் பையன் ஏன் அவளிடம் கேள்வி கேட்கவில்லை?"

"கேட்டான், தம்பி," என்றாள் அவள், நாம் வாய் திறக்குமுன். "கொஞ்சம் வயதான பிறகு கேட்டான். ஆனால் அவளை விட்டுவிடவில்லை."